முதலில் உங்கள் கட்டை: புதிதாகப் பாட்டுக் கற்பவர்களுக்கு

செட்டிநாட்டில் பிள்ளையார் நோன்பன்று, வீட்டில் நோன்புத் திரியான இழையை எடுத்து முடிந்ததும் யாராவது கேட்பார்கள்: "ஆச்சி, ஒரு பாட்டுப் பாடுங்களேன்." ஆச்சி மறுப்பார், பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுவார், கடைசியில் யாரோ ஒருவர் எடுத்துவிடுவார். பல்லவி நன்றாகவே போகும். அனுபல்லவி மேலே ஏறும்போது குரல் பிசிறும். கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவுவார்கள், பாடியவர் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார். "நமக்கெல்லாம் குரல் ஏது" என்று அன்றோடு அவரே தீர்ப்பும் எழுதிவிடுவார்.

குரல் இருக்கிறது. எடுத்த இடம்தான் தப்பு. சுருதி வைக்காமல் வாய்க்கு வந்த உயரத்தில் தொடங்கினால், பாட்டின் உச்சி எங்கே போய் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. பாடக் கூச்சம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கட்டைக் கோளாறுதான், அதாவது குரலுக்குப் பொருந்தாத உயரத்தில் சுருதி வைப்பது. அதனால் பாட்டு வகுப்புக்குப் போக நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது தங்கள் கட்டையைத் தெரிந்துகொள்வது.

கட்டையைக் கண்டுபிடிப்பது

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் 1 முதல் 7 வரை. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை கிடையாது. 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்புக் கட்டையே இல்லை. உங்கள் ஸட்ஜம், அதாவது அடிப்படை ஸ்வரமான 'ஸ', எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதுதான் உங்கள் சுருதி. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் இருப்பார்கள், பெண்கள் 5 முதல் 6 கட்டைக்குள். இது பொதுக் கணக்குதான். நாலரைக் கட்டையில் பாடும் பெண்ணும் மூன்று கட்டையில் பாடும் ஆணும் உண்டு, அதில் குறை ஒன்றும் இல்லை.

சோதனையைத் தூங்கி எழுந்தவுடன் செய்யாதீர்கள். அப்போது குரல் தணிந்திருக்கும், அதை நம்பிக் கட்டை வைத்தால் மாலையில் கீழே இழுப்பது போல இருக்கும். எழுந்து இரண்டு மணி நேரமாவது பேசிப் புழங்கிய பிறகு உட்காருங்கள். வாயை மூடி 'ம்' என்று முனகிக்கொண்டே ஆர்மோனியத்தில், அல்லது கைப்பேசியில் இருக்கும் பியானோ செயலியில், ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்குங்கள். ஒரு கட்டத்தில் ஒலி காற்றாகப் போகும், அல்லது கரகரக்கும். அதற்கு முந்தைய, தெளிவாக ஒலித்த கடைசிக் கட்டையை நினைவில் வையுங்கள். அதை மந்தர ஸ்தாயிப் பஞ்சமம் (ஸட்ஜத்துக்குக் கீழே வரும் 'ப') என்று எடுத்துக்கொண்டால், உங்கள் ஸட்ஜம் அங்கிருந்து மேலே ஐந்து அரைக்கட்டை தள்ளி இருக்கும். கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஒரு பெண்ணுக்குத் தெளிவான அடி ஒலி 2 கட்டையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து இரண்டரை, 3, 4, நாலரை, 5 என்று எண்ணினால் ஸட்ஜம் 5 கட்டை. ஆணுக்கு அடி ஒலி கீழ் ஸ்தாயியின் 5 கட்டையில் நின்றால், ஐந்தரை, 6, ஆறரை, 7, அடுத்த ஸ்தாயியின் 1. ஆக, ஒரு கட்டை.

இனி மேல் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அந்த ஸட்ஜத்தில் தொடங்கி மேல் ஸட்ஜம் போய், அதற்கும் மேலே காந்தாரம் (க) வரை 'ஆ' என்று தொட்டுப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைக்காமல், முகவாய் தூக்காமல் எட்டினால் கட்டை சரி. எட்டாவிட்டால் அரைக் கட்டை இறக்குங்கள். மேலே சுலபமாக இருந்து கீழ்ப் பஞ்சமம் காணாமல் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். ஒரு வாரம் அதிலேயே பாடிய பிறகு முடிவு செய்தால் போதும். பிடித்த பாடகி ஐந்தரையில் பாடுகிறார் என்பதற்காக நாமும் அதே கட்டை வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. தொண்டை கட்டுவது அதில்தான் தொடங்குகிறது.

குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு, பெரும்பாலும் 12-இலிருந்து 15-க்குள், எந்தக் கட்டையும் நிலைக்காது. மாதம் ஒரு முறை சோதித்துக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த நாட்களில் உச்ச ஸ்தாயியை வற்புறுத்தாமல் மத்திய ஸ்தாயியிலேயே பாடவிடுங்கள்.

சுருதிப் பெட்டியும் கைப்பேசியும்

தம்புரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது, அது போதும். ஆனால் ஆண்களுக்கு அதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு கட்டை ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் நாலாவது தந்தியான மந்தர ஸட்ஜம் அதில் பாதி, 65. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. மேலே உள்ள சலங்கை ஒலி மட்டும் கேட்கும், அடித்தளம் கேட்காது, குரல் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலையும். சற்றே பெரிய ஸ்பீக்கரில் இணையுங்கள், அல்லது தனிச் சுருதிப் பெட்டி வாங்குங்கள். இரண்டும் இல்லையென்றால் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். மறு காது உங்கள் குரலுக்கு வேண்டும்.

செயலியில் 'ஸ'-வோடு 'ப' ஒலிக்கும் பஞ்சமச் சுருதியைத் தேர்ந்தெடுங்கள், 'ப'-வுக்குப் பதில் 'ம' ஒலிக்கும் மத்திமச் சுருதி பிறகு ஒருநாள் தேவைப்படும்போது போதும். பேசும் குரலுக்குச் சமமாக ஒலி இருக்கட்டும். சன்னமாக வைத்துவிட்டு உரக்கப் பாடினால் சுருதி இருந்தும் இல்லாத கதைதான்.

ஸட்ஜத்தில் உட்காருதல்

முதல் இரண்டு வாரம் இது ஒன்றையே செய்தாலும் நட்டமில்லை. சம்மணமிட்டு உட்காருங்கள். மடித்த போர்வை ஒன்றை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு இடுப்பின் அடியில் வைத்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழும், முதுகு தானாக நிமிரும். முடியாதவர்கள் நாற்காலியின் முன்விளிம்பில் உட்காரலாம்.

சுருதியை ஓடவிட்டு முழுதாக நான்கு சுற்றுக் கேளுங்கள், பாட வேண்டாம். பிறகு ஸட்ஜத்துக்குச் சற்றுக் கீழிருந்து 'ஆ' என்று தொடங்கி மெல்ல மெல்ல மேலே வழுக்கிக்கொண்டு வாருங்கள். ஸட்ஜத்தை நெருங்கும்போது உங்கள் குரலும் தம்புராவும் சேர்ந்து 'வவ் வவ் வவ்' என்று அலையடிப்பது கேட்கும். கிட்டே வர வர அந்த அலை நிதானப்படும். ஓரிடத்தில் அலை நின்று குரல் தம்புராவுக்குள் கரைந்துபோனது போல இருக்கும். உங்கள் குரலே உங்களுக்குச் சிறிதாகக் கேட்கும். அதுதான் ஸட்ஜம். தாண்டினால் அலை திரும்ப வரும். இதற்குக் காரணம் வெறும் கணக்கு: சுருதி 196 ஹெர்ட்ஸில் இருக்க, நீங்கள் 194-இல் பாடினால் நொடிக்கு இரண்டு அலை. அந்த அலையைக் கேட்கப் பழகிவிட்டால், சுருதி சேர்ந்ததா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேடையில் தைரியம் கொடுப்பது இந்தக் காதுதான்.

அந்த இடத்தில் 8 நொடி நில்லுங்கள். மூச்செடுத்துத் திரும்பவும், பத்து முறை. கடைசி இரண்டு நொடியில் குரல் இறங்கினால் மூச்சுப் போதவில்லை என்று பொருள். எட்டை ஆறாக்குங்கள், இறங்கும் வரை இழுக்காதீர்கள். பிறகு ஸ – ப – ஸ, அடுத்து ஸ – ப – மேல் ஸ. பஞ்சமத்துக்கும் அதே அலைச் சோதனை உண்டு.

மூச்சு

தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் பாய் விரித்துக்கொள்ளுங்கள், சில்லென்று இருந்தால் உடம்பு இறுகும். மூச்சு எடுக்கும்போது புத்தகம் உயர வேண்டும், மார்பும் தோளும் சும்மா இருக்க வேண்டும். விடும்போது 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக 10 நொடி. வாரத்துக்கு இரண்டிரண்டு நொடி கூட்டி 20 வரை போங்கள். அதற்குமேல் மூச்சு நீளுவதால் பாட்டு ஒன்றும் வளரப்போவதில்லை. உட்கார்ந்து பாடும்போதும் இதே மூச்சுதான். கண்ணாடி முன் உட்கார்ந்து தோள் தூக்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அறையில் பாடுவது

செட்டிநாட்டு வீடுகளின் கூடமான பட்டாலையில் பாடினால் யாருக்கும் தன் குரல் பிடித்துவிடும். உயர்ந்த கூரை, கண்ணாடி போல மெருகேறிய சுண்ணாம்புச் சுவர், கல் தரை, தொங்கவிடத் திரைச்சீலைகூட இல்லை. ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, ஒரு ஸ்வரம் முடியும் முன் அடுத்த ஸ்வரத்தின் மேல் படியும். குளியலறைப் பாட்டு இனிப்பதும் இதனால்தான். பழகும் காலத்தில் அது கெடுதல். சுருதி விலகினாலும் தெரியாது, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் தெரியாது. மெத்தை, துணி அலமாரி, மூட்டை முடிச்சு இருக்கும் அறையில் சாதகம் பண்ணுங்கள். அங்கே குரல் வறண்டு கேட்கும், மனம் கொஞ்சம் சோரும். அது உண்மையான குரல். வாரக் கடைசியில் ஒருமுறை பட்டாலைக்கு வந்து பாடுங்கள், அது பரிசு.

மின்விசிறி முகத்துக்கு நேரே வேண்டாம், தொண்டை உலர்ந்துவிடும்.

அரை மணி நேரத்தின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பாடுவதைவிடத் தினம் 30 நிமிடம் மேல்.

முதல் 5 நிமிடம் குரலை இளக்க. 'ம்' முனகல், பிறகு குழந்தைகள் கார் ஓட்டுவது போல உதட்டைத் துடிக்கவிட்டு 'பர்ர்ர்' என்று கீழிருந்து மேலே ஏறி இறங்குவது. இன்னொன்று: டம்ளரில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, அதில் உறிஞ்சுகுழாயை முக்கி, குமிழி வர 'ஊ' என்று ஊதிக்கொண்டே ஒலி எழுப்புவது. குழாய்க்குள் தேங்கும் காற்று திரும்பத் தள்ளுவதால் குரல் நாண்கள் ஒன்றையொன்று அதிகம் அடித்துக்கொள்ளாமல் அதிரப் பழகும். கத்திப் பேசும் தொழில் உள்ளவர்களுக்கு, ஆசிரியர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும், இதைப் போல உதவுவது வேறில்லை.

அடுத்த 5 நிமிடம் ஸட்ஜம். பிறகு 15 நிமிடம் வரிசைகள். எந்தக் கர்நாடக இசை வகுப்பில் சேர்ந்தாலும் மாயாமாளவகௌளை ராகத்தில், 72 மேளகர்த்தாக்கள் என்னும் தாய் ராகங்களில் 15-ஆவதில், ஸ்வரங்களை ஏறி இறங்கிப் பாடும் ஸரளி வரிசைதான் முதலில் வரும். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறை. ஏன் இந்த ராகம் என்று கேட்பவர்களுக்கு: ஸ-ரி ஒட்டி, ரி-க தள்ளி, க-ம ஒட்டி, மேலேயும் அதே அச்சு, ப-த ஒட்டி, த-நி தள்ளி, நி-ஸ ஒட்டி. கீழ்ப்பாதியைச் சரியாகப் பாடினால் மேல்பாதி அதன் நகல். ஒரு கட்டையில் வாசித்தால் 1, ஒன்றரை, 3, 4, 5, ஐந்தரை, 7, மேல் 1.

தப்பு நடக்கும் இடங்களும் எல்லாருக்கும் ஒன்றேதான். ரிஷபம் (ரி) உயர்ந்துவிடும், ஏனென்றால் ஸட்ஜத்துக்கு அவ்வளவு அருகில் இன்னொரு ஸ்வரம் இருப்பதை நாக்கு நம்பாது. காந்தாரம் தாழ்ந்துவிடும், தாண்ட வேண்டிய தூரம் அதிகம். நிஷாதமும் (நி) அப்படியே, அது தாழ்ந்தால் மேல் ஸட்ஜமும் கூடவே தாழும். மேல் ஸட்ஜம் சேரவில்லை என்றால் அதைத் திருத்த முயலாதீர்கள், நிஷாதத்தைத் திருத்துங்கள். 'ஸ ரி ஸ', 'ரி க ரி', 'த நி த' என்று மூன்று மூன்று ஸ்வரமாகப் பிய்த்து, ஒவ்வொன்றும் பத்து முறை.

தாளம் ஆதி: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று எண்ணிக்கை, பிறகு தட்டு-வீச்சு இரண்டு முறை. இந்த எட்டில் ஒவ்வொன்றையும் ஒரு தட்டாக எண்ணி, நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம். ஏறி இறங்க 16 நொடி ஆகும். அந்த நிதானம் சலிப்பாகத்தான் இருக்கும். இரண்டாம் காலத்தில் தட்டுக்கு இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மூன்றாம் காலம் வந்ததும் வித்தை வந்துவிட்டதாகத் தோன்றும். பதிவு செய்து கேட்டால் ரிஷபமும் தைவதமும் (த) காணாமல் போயிருக்கும். ஸ்வரம் சொல்லிப் பாடியதை உடனே அகாரத்திலும், அதாவது 'ஆ' என்று மட்டும், பாடுங்கள். ஸ்வரப் பெயர் என்ற ஊன்றுகோல் இல்லாதபோதுதான் எது ஆடுகிறது என்று தெரியும்.

கடைசி 5 நிமிடம் பதிவு. கைப்பேசியை மூன்றடி தள்ளி வையுங்கள், சுருதி வேறு கருவியிலிருந்து வரட்டும். தன் குரலை முதல்முறை கேட்பவர் முகம் சுளிப்பார். நாம் நம் குரலைக் காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறோம். அந்தக் கனம் பதிவில் வராது. ஊர் எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பது பதிவில் உள்ள குரலைத்தான், அவர்கள் யாரும் ஓடிவிடவில்லை. அன்றே கேட்காமல் மறுநாள் கேளுங்கள், நோட்டில் அந்தந்த ஸ்வரத்தின் மேல் ஏறியதா இறங்கியதா என்று பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். ஒரே இடத்தில் மூன்று நாள் ஒரே அம்புக்குறி விழுந்தால், ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது

சேரும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: புதிதாக வந்தவரின் குரலைச் சோதித்துக் கட்டை வைக்கிறாரா, அல்லது பையன், பெண், பெரியவர் எல்லாரையும் ஒரே சுருதியில் கூட்டாகப் பாடவைக்கிறாரா. கூட்டு வகுப்பு செலவு குறைவு, கூச்சமும் குறையும். ஆனால் வாரத்தில் ஒரு பத்து நிமிடமாவது தனியாகப் பாடவைத்துத் திருத்தாத வகுப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் காது திறக்காது. சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. வயது வரம்பு உண்டு, முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரில் உள்ள ஆசிரியரிடம் ஜூமில் கற்பது இப்போது சாதாரணம். இதில் இருவரும் சேர்ந்து பாட முடியாது, ஒலி தாமதமாக வரும். ஆசிரியர் பாட, மாணவர் கேட்டுத் திருப்பிப் பாட வேண்டும்; சுருதியை இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே கட்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது தம்புராவை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும், ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையையும் நடுவில் வெட்டும். பிள்ளைக்கு மூச்சுப் போதவில்லை என்று ஆசிரியர் தப்பாக நினைத்துக்கொள்வார்.

தொண்டைக்கு

அதிமதுரம், பனங்கற்கண்டு, சுக்கு, மிளகு எல்லாம் வாய்க்கும் தொண்டைக்கும் இதம். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடாது, அது உணவுக்குழாயில் போகிறது, தொட்டால் புரையேறும். நாண்களைத் தொடுவது நீராவி மட்டுமே. தண்ணீர்கூட உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே போய்ச் சேரும், ஆகவே பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு குடிப்பதில் அதிகப் பயன் இல்லை, காலையிலிருந்து குடித்துவர வேண்டும்.

கோழி வறுவலை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. இரவு பத்து மணிக்குக் காரமாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறிக் காலையில் குரல் கம்மும், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டுக்கும் சாதகத்துக்கும் இடையிலும் ஒன்றரை மணி நேரம் இருக்கட்டும். அடிக்கடி கனைப்பது நாண்களை மோதவிடும். ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்குங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது, பேசாமல் இருப்பதே ஓய்வு. கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாட்டும் தமிழும்

ஸரளி, ஜண்டை, அலங்காரம் ஆகிய ஸ்வரப் பயிற்சிகளை முடித்து, முதல் பாட்டு வகையான கீதத்துக்கு வர, வேலைக்குப் போகும் ஒருவருக்கு எட்டு மாதமாவது ஓராண்டாவது ஆகும். அதுவரை பாட்டே கிடையாது என்று பிடிவாதம் பிடிக்கும் முறை பெரியவர்களுக்கு ஒத்துவராது. மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு சின்னப் பாட்டு கூடவே ஓடட்டும். கீழ்ப் பஞ்சமத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் நடுவில் அடங்கும் பாட்டாக இருந்தால் போதும். தேவாரம் நல்ல தேர்வு. பழம்பஞ்சுரப் பண்ணைச் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள், அது காதுக்குப் பழகிய ராகம். கோயிலில் ஓதுவார் பாடும்போது கேட்டுக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

செட்டிநாட்டுப் பக்கம் கேட்கிறவர்கள் ஸ்வரத்தை விட்டாலும் சொல்லை விடமாட்டார்கள். தமிழில் பாட வேண்டும் என்ற இயக்கத்துக்குப் பின்னால் நின்று 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டவர் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் இன்னும் விழா எடுக்கிறது. அப்படிப்பட்ட செவிகளின் முன் குறிலை நெடிலாக இழுத்தால் 'வரம் தருவாய்' என்பது 'வாரம் தருவாய்' ஆகும், 'மலை' 'மாலை' ஆகும். நீட்ட வேண்டிய கார்வையை அடுத்து வரும் நெடிலிலோ, சொல் முடிவிலோ வையுங்கள். பாட்டைப் பாடும் முன் செய்யுள் போல ஒருமுறை வாசித்து, பொருள் முறியாத இடங்களில் மட்டும் மூச்சுக்குக் கோடு போடுங்கள். ல, ள, ழ-வை வேகத்தில் தின்றுவிடாமல் இருக்க, மெட்டில்லாமல் தாளத்தில் மட்டும் சொற்களைச் சொல்லிப் பழகலாம்.

திரைப்பாட்டுக் கரோக்கி பாடுகிறவர்களுக்கு ஒரு சொல். அந்த இசைத்தடம் மூலப் பாடகரின் கட்டையில் இருக்கும், உங்கள் கட்டையில் இருக்காது. செயலியில் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி உண்டு. ஓர் எண் என்பது அரைக் கட்டை. மூன்று நான்கு எண் வரை மாற்றலாம், அதற்குமேல் வாத்தியங்களின் ஒலி கோணிப்போகும்.

நான்கு பேர் முன்னால்

முதலில் வீட்டில் ஒருவர், அப்புறம் ஐந்து பேர், அதன் பிறகே மைக். ஒருவர் என்றால் குறை சொல்லத் தெரியாதவராகப் பார்த்து வையுங்கள். அப்பத்தாவைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். பதற்றம் வந்தால் மூச்சு மேலேறும், பாட்டு ஓடும். தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டால் ஓட்டம் நிற்கும். நெஞ்சு படபடத்தால் எடுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை இரட்டிப்பாக்கி நான்கு முறை.

கோயில் விழா, கல்யாண வீடு என்றால் ஒலிபெருக்கிக்காரரிடம் எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் நிறையத்தான் வைப்பார். மைக் வாயிலிருந்து நான்கு விரல் தொலைவு, உச்சத்தில் ஒரு சாண். சுருதிப் பெட்டிக்கும் ஒரு மைக் கேளுங்கள், உங்கள் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர் ஒன்றும் வேண்டும். வரிகளை எழுதிய தாளை மடியில் வைத்துக்கொள்வது இழுக்கல்ல. வரி மறந்தால் பல்லவிக்குத் திரும்புங்கள்.

பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் வருகிறது. கூட்டம் முழுக்கச் சொந்தபந்தம், ஒரு பாட்டுப் போதும், முதல் அரங்கேற்றத்துக்கு அதைவிட வசதியான நாள் இல்லை. ஆடி மாதம் வகுப்பில் சேர்ந்தால் மார்கழி நோன்புக்கு ஒரு பாட்டு தயாராகிவிடும். போகும்போது கைப்பேசியில் உங்கள் கட்டையை வைத்து, ஸ்பீக்கரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கேட்டதும் பாடிவிடாதீர்கள், சுருதியை ஓடவிட்டு இரண்டு சுற்று கேட்டு, வாய்க்குள் ஸட்ஜம் பிடித்து, பிறகு தொடங்குங்கள். நடுவில் உற்சாகமாக நான்கு ஆச்சிமார் வேறு கட்டையில் சேர்ந்துகொள்வார்கள். அப்போது குரலை ஏற்றாதீர்கள், ஸ்பீக்கரின் ஒலியை ஏற்றுங்கள். ஒரு வரிக்குள் அவர்களே உங்கள் சுருதிக்கு வந்துவிடுவார்கள்.